மேற்படி

எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. வாசல் காவலாளி 'மணி பன்னிரண்டு'. எப்போது போய்க் கேட்டாலும் சாப்பாட்டு நேரம் என்பார். கணினிப் பிரிவுக்காரர் 'லோடிங்'. நான் 'ரெக்கார்டு'. முப்பத்து மூன்று வருடம் பிறப்பு இறப்புப் பதிவேடுகளோடு குடித்தனம் நடத்தியவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? புதிதாக வந்த பெண் பதிவாளருக்கு 'ஃபாரின்' என்று வைத்தோம். வைத்தோம் என்ன, நான்தான் வைத்தேன். அவர் விஷயத்தில் நான் செய்த குற்றங்களில் அதுதான் சின்னது.

அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. அப்பா லாரிப் பட்டறையில் வெல்டர், அம்மா வீட்டில் துணி தைப்பவர். அரசாங்க உதவித்தொகையில் கடல் தாண்டிப் போய் இரண்டு வருடம் படித்துவிட்டுத் திரும்பியவர். என்ன படிப்பு என்று கேட்டேன். மக்கள் பதிவேடுகளை எப்படிப் பிழையில்லாமல் வைத்துக்கொள்வது என்று படித்ததாகச் சொன்னார். இதற்கு எதற்கு விமானம் ஏறினார், என்னிடம் கேட்டிருந்தால் ஒரு டீக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேனே என்று டீக்கடையில் நான் அடித்த கேலிக்கு ஒரு வாரம் சிரித்தார்கள். அங்கேயே நல்ல வேலை கொடுத்தார்களாம். வேண்டாம் என்று வந்துவிட்டாராம். "அங்கயே இருந்திருந்தா நானும் ஒரு தடவை ப்ளேன் ஏறியிருப்பேன்" என்று அவர் அம்மா இன்னும் குத்திக்காட்டுவதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஏன் வந்தார் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். அவருடைய பிறப்புச் சான்றிதழில் 'ஆண்' என்று எழுதியிருந்ததாம். எழுதியது இதே அலுவலகம். மகள் மகள்தான் என்று நிரூபிக்க அவர் அப்பா ஏழு நாள் கூலியை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றிருக்கிறார். அதற்குள் பள்ளியில் ஒரு வருடம் போய்விட்டது. இனி யாருக்கும் அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே இந்த அலுவலகத்தைக் கேட்டு வாங்கி வந்ததாகச் சொன்னார். அன்றைக்கு அந்த மேசையில் இருந்தவன் நான் இல்லை. அப்போது எனக்கு இறப்புப் பதிவு மேசை. நானாக இருந்திருந்தாலும் அந்த ஏழு நாள் ஆறாகக் குறைந்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை தோறும் காலையில் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொள்வார். ஜன்னலுக்கு வந்து சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பதற்காக. முதல் வாரம் ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. ஜன்னலில் இருந்தவர் நிமிராமலே "என்ன வேணும்?" என்று அதட்ட, எதிரில் பதிவாளர் நின்றார். ஆறு மாதத்தில் அது இருபது நிமிடமானது. வேலை தெரிந்தவர், வஞ்சகம் இல்லாதவர், பெருக்க வருகிற அம்மாவுக்கும் நன்றி சொல்கிறவர். இதெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்ததனால்தான் எரிச்சலும் இருந்தது.

அந்த எரிச்சலுக்கு ஒரு நாள் நல்ல சாக்குக் கிடைத்தது. ஏதோ ஒரு பழைய பதிவைப் பற்றிப் பேச்சு வந்தபோது, இருபது வருடமாக இதை இப்படித்தான் செய்கிறோம் என்று நான் நீட்டி முழக்க ஆரம்பித்தேன். அவர் கையைச் சற்று உயர்த்தி, "அனுபவம் ஆதாரம் ஆகாது சார்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் பதினாறு பேர் முன்னால் சொன்னார். பழம் தின்று கொட்டை போட்டவன் நான், நேற்று வந்தவர் என்னை உட்கார வைக்கிறார் என்று உள்ளுக்குள் குமைந்தேன். இனி இந்த அம்மாவிடம் கேட்டதற்கு மட்டும்தான் பதில் என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த வாரக் கூட்டத்தில் அவர் ஒரு திட்டத்தை வைத்தார். பழைய கைப்பதிவேடுகளை எல்லாம் மூன்று வருடம் முன்பு ஒப்பந்தக்காரர்கள் கணினியில் ஏற்றியிருந்தார்கள். அதில் ஒரே குழந்தை இரண்டு இடத்தில் இருந்தது ஏராளம். மருத்துவமனையும் எழுதி அனுப்பும், வீட்டுக்காரரும் வந்து பதிவார். அந்த இரட்டைப் பதிவுகளைக் கணினியே கண்டுபிடித்து ஒன்றாக்கிவிடும். தாய், தகப்பன், முகவரி, தேதி, ஆணா பெண்ணா, பிறந்த நேரம் என்று ஆறும் ஒன்றாக இருந்தால் அது ஒரே குழந்தை. குழந்தையின் பெயரைச் சேர்த்துக்கொள்ளாததற்கும் காரணம் இருந்தது. எங்கள் பக்கம் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவார்கள். பள்ளியில் சேர்க்கும்போதுதான் பெயர் எழுத வருவார்கள். பாதிப் பேருக்குப் பெயர்க் கட்டம் காலி.

"ரெட்டைப் பிள்ளைங்கன்னா நேரம் நாலஞ்சு நிமிஷமாவது மாறும். அதுக்குத்தான் நேரத்தையும் சேர்த்திருக்கேன்" என்றார். பிறகு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "இதுல யாருக்காவது ஏதாவது தப்புத் தெரியுதா?" என்று கேட்டார். கண் என்னிடம் வந்து ஒரு கணம் நின்றது.

எனக்குத் தெரிந்தது. அந்த நொடியிலேயே தெரிந்தது.

இரட்டைப் பிள்ளைகளைப் பதிவேட்டில் எப்படி எழுதுவோம் என்று சொல்கிறேன். முதல் குழந்தைக்கு ஒரு வரி முழுவதும் எழுதுவோம். இரண்டாவது குழந்தைக்குக் கீழ் வரியில் ஒவ்வொரு கட்டத்திலும் 'மேற்படி' என்று போடுவோம். தாய் மேற்படி, தகப்பன் மேற்படி, முகவரி மேற்படி. நேரத்தை மட்டும் பார்த்து மாற்றி எழுத வேண்டும். ஆனால் மேற்படி போட ஆரம்பித்த கை நிற்காது. சாய்வாக ஒரே இழுப்பு, வரி முடிந்துவிடும். பத்து வருடம் அந்த மேசையில் இருந்தவன் நான். நான் எழுதிய இரட்டையர் எல்லோரும் ஒரே நிமிடத்தில் பிறந்தவர்கள். ஒப்பந்தக்காரர்கள் மேற்படியைக் கண்ட இடத்தில் எல்லாம் மேல் வரியை அப்படியே நகல் எடுத்திருந்தார்கள்.

வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஒரு வாக்கியம் போதும். அனுபவம் ஆதாரம் ஆகாதே, ஆதாரமே பார்த்துக்கொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டு பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். நான்காயிரத்துச் சொச்சம் பதிவுகள் ஒரே வாரத்தில் ஒன்றாயின. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு பெண் வந்தார். பஸ் டெப்போவில் வண்டி கழுவும் வேலை செய்பவர். கூடவே ஐந்து வயது மகள், எண்ணெய் வைத்து வாரிய தலையும் ஒரு பக்கம் பட்டன் போன சட்டையுமாக. பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் பெயர் எழுதிய பிறப்புச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. பதினெட்டு நாள் இருந்தது. ஜன்னலில் இருந்தவர் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, அவரைப் பதிவாளர் அறைக்கு அனுப்பினார்.

என்னை இறப்புப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனேன். கேட்காத பிறப்புப் பதிவேட்டைக் கொண்டுபோகவில்லை. பதிவாளர் பக்கத்தைப் பார்த்தார். பெயரிடாத பெண் குழந்தை, வயது நான்கு நாள். கணினியிலும் அதே. அந்தத் தாய்க்கு அன்றைக்கு ஒரே பிறப்பு, நான்காம் நாள் ஒரு இறப்பு. அப்படியானால் எதிரில் நிற்கும் குழந்தை?

இறந்த குழந்தையின் பதிவை வேறொரு குழந்தைக்குப் பயன்படுத்தும் மோசடியைப் பற்றித்தான் அவர் வெளிநாட்டில் ஆய்வுக்கட்டுரை எழுதியிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட அதுவே போதுமாக இருந்தது.

"உங்க குழந்தை இறந்துட்டதா பதிவு இருக்கு. இது யாரோட குழந்தை?" என்று கேட்டார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. குழந்தை அம்மாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது.

அந்தப் பெண் சத்தம் போடவில்லை. "ரெண்டு பொறந்துச்சுங்க. ஒண்ணு போயிடுச்சு. இது இருக்கு" என்றார்.

ஆதாரம் கேட்டார் பதிவாளர். மருத்துவமனைச் சீட்டு எதுவும் அந்தப் பெண்ணிடம் இல்லை, வீடு மாறியதில் போய்விட்டது. மகளின் தோளைப் பிடித்து முன்னால் நகர்த்தி நிறுத்தினார். அவரிடம் இருந்த ஆதாரம் அதுதான். பதிவாளர் ஒரு படிவத்தை எடுத்து, விசாரணைக்கு அனுப்புவதாகச் சொன்னார். நான் இறப்புப் பதிவேட்டை மார்போடு அணைத்தபடி கதவருகில் நின்றிருந்தேன். பிறகு வெளியே வந்துவிட்டேன்.

பதிவேட்டு அறைக்குப் போய் அந்த வருடப் பிறப்புப் பதிவேட்டை எடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். மேல் வரியில் பத்து நாற்பது. கீழ் வரியில் மேற்படி, மேற்படி, மேற்படி. என் கையெழுத்து. அழகான கையெழுத்து என்று எல்லோரும் சொல்வார்கள். மூடி வைத்துவிட்டேன். எனக்கு ஓய்வுபெற பதினோரு மாதம் இருந்தது. இதை எடுத்துக்கொண்டு போனால் நேரம் ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள், கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஒன்பது நாளும் நாளைக்கு என்றே நினைத்தேன்.

அந்த ஒன்பது நாளில் ஒரு பெண் போலீசும் குழந்தைகள் நல அலுவலக ஆளும் அந்தத் தெருவுக்குப் போனார்கள். வீடு வீடாக, இந்தக் குழந்தை யாருடையது என்று கேட்டார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அவர்கள் குடிவந்ததே இரண்டு வருடம் முன்புதான், அதற்கு முந்தைய கதை யாருக்கும் தெரியாது. எங்கிருந்தோ தூக்கிவந்த பிள்ளை என்று ஒரு வீட்டில் ஆரம்பித்தது தெருக்கோடிக்குப் போவதற்குள் விலைக்கு வாங்கிய பிள்ளை ஆகிவிட்டது. குழந்தையோடு விளையாட மற்ற பிள்ளைகளை விடவில்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், தினமும் டெப்போ வேலை முடிந்து மகளோடு வந்து எங்கள் தாழ்வாரத்துப் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பார். பெருக்குகிற அம்மாவிடம் சொல்வார். நான் ஃபைல்களை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகாமல் பின்படி வழியாகப் போய்வந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சோடு சேர்ந்து காலும் குறுகுறுத்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் பதிவேட்டு அறை வாசலில் அந்தக் குழந்தை நின்றது. அம்மா தூங்கிவிட்டிருக்க வேண்டும். அலமாரிகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தது.

"தாத்தா, செத்தவங்க பேரெல்லாம் இங்கதான் இருக்கா?"

ஆமாம் என்றேன்.

"நான் செத்துட்டேன்னு அந்த அக்கா சொன்னாங்க. என் பேரு எதுல இருக்கு? காட்டுறீங்களா?"

அது அழவில்லை. பள்ளிக்கூடத்தில் தன் வகுப்பு எது என்று கேட்பதுபோலக் கேட்டது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனையோ பேரைப் பிறக்க வைத்து, சாக வைத்து எழுதியிருக்கிறேன். எழுதப்பட்டவர் யாரும் வந்து கேட்டதில்லை.

குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தபடியே பதிவாளர் அறைக்குப் போனேன். திறந்து மேசை மேல் வைத்தேன். இப்போதுதான் ஞாபகம் வந்தது என்றேன். ஒரு பொய்.

அவர் இரண்டு வரியையும் படித்தார். கீழ் வரியில் விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். நேரத்தின் கட்டத்தில் விரல் நின்றது. ஒரு முகம் சட்டென்று வெளுத்துப்போவதை நான் அதுவரை கதைகளில்தான் படித்திருக்கிறேன்.

"இது யார் கையெழுத்து சார்?"

"என்னோடதுதான் மேடம்."

"நான் அன்னைக்கு ரூல் சொன்னப்ப உங்களுக்கு இது தோணலையா?"

"தோணலை மேடம்."

அவர் பக்கத்திலிருந்து விரலை எடுத்தார். "எனக்கும் தோணலை. ஒரு புத்தகத்தைத் திறந்து பார்த்திருந்தாலே போதும். நான் பார்க்கலை" என்றார். இரண்டாவது பொய்யை என் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள அப்போதுகூட நேரம் இருந்தது.

அவர் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய் அந்தப் பெஞ்சில், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தப்பு முழுக்கத் தன்னுடையது, உங்கள் மகளின் பதிவை அழித்தது தான்தான், உடனே சரிசெய்து தருகிறேன் என்றார். மன்னிப்புக் கேட்டார். சொல்லும்போது கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் கேட்டுக்கொண்டார். "என் புள்ள உசுரோட இருக்குன்னு எனக்குத் தெரியும்ங்க. எனக்கு எதுக்குச் சொல்றீங்க? எங்க தெருவுல வந்து சொல்லுங்க" என்றார்.

போனோம். மறுநாள் மாலை, அவர் முன்னால், பதிவேட்டைச் சுமந்துகொண்டு நான் பின்னால். பதினான்கு வீடு. ஒவ்வொரு கதவிலும் நின்று, நான் இன்ன அலுவலகத்தின் பதிவாளர், இந்தக் குழந்தை இந்தத் தாய்க்குப் பிறந்தது, தப்பாக விசாரிக்க ஆள் அனுப்பியது நான் என்று சொன்னார். பதினான்கு தடவையும் முழுதாகச் சொன்னார், ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. நான் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஒரு வீட்டு அம்மா கரண்டியும் கையுமாக வந்து கேட்டுவிட்டு, "அப்ப எங்க மேல தப்பில்லை, உங்க மேலதான்" என்று உறுதிப்படுத்திக்கொண்டு உள்ளே போனார். பதிவாளர் ஆமாம் என்றார். இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர் பதிவேட்டை எட்டிப் பார்த்து, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதே என்றார்.  எழுதியது இவர்தான் என்று பதிவாளர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அலுவலகத்தில் திருத்தம் எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. இரண்டு வரியில் உயிரோடு இருக்கிற குழந்தை எது, போன குழந்தை எது? பரண் மேலிருந்த மூட்டைகளைப் பிரித்து, பழைய மருத்துவமனைச் சீட்டுகளைத் தேடி எடுத்தேன். ஒன்று பத்து நாற்பது, இன்னொன்று பத்து ஐம்பத்திரண்டு. முதலில் பிறந்தது போனது என்றார் அந்தப் பெண். பிறகு தயங்கி, போன பிள்ளைக்கும் பெயர் எழுத முடியுமா என்று கேட்டார். நான்கு நாள் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்களாம். பதிவாளர் என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன். தாய், தகப்பன், முகவரி, தேதி, நேரம், பெயர். இரண்டு குழந்தைக்கும் எல்லாக் கட்டத்தையும் முழுதாக எழுதினேன். பள்ளிக்கூடத்துக்கு ஏழு நாள் மிச்சம் இருந்தது.

அதோடு முடியவில்லை. நான்காயிரத்துச் சொச்சத்தையும் கைப்பதிவேட்டோடு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க அவர் மூன்று மாதம் உட்கார்ந்தார். இன்னும் முப்பத்தேழு ஜோடி இரட்டையர் அகப்பட்டார்கள். முப்பத்தேழு வீட்டுக்கும் தானே போனார். மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். அதன் நகல் ஃபைல் கட்ட என்னிடம்தான் வந்தது. விதியை வகுத்ததும் மூலப் பதிவேட்டைப் பார்க்காததும் தானே, ஊழியர் எவருக்கும் இதில் பங்கில்லை என்று எழுதியிருந்தார். மூன்று தடவை படித்தேன். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு அந்த வருடம் வரவில்லை. போனவ அங்கயே இருந்திருக்கலாம் என்று அவர் அம்மா சொல்வதை அதற்குப் பிறகு அவர் எங்களிடம் சொல்லிச் சிரித்ததில்லை.

நான் ஓய்வுபெற்ற நாளில் கூட்ட அறையில் நாற்காலி போட்டார்கள். அதே அறை, ஏறக்குறைய அதே ஆட்கள். 'மணி பன்னிரண்டு' இரண்டு வார்த்தை பேசினார், 'லோடிங்' ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். கடைசியாகப் பதிவாளர் எழுந்தார்.

"சாருக்கு ஒரு தடவை நான், அனுபவம் ஆதாரம் ஆகாதுன்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும் சொன்னேன். அதனால எல்லார் முன்னாடியுமே திருப்பி எடுத்துக்கறேன். அந்தப் புத்தகத்தை அவர் ஞாபகம் வச்சுக் கொண்டுவரலைன்னா, அந்தக் குழந்தை இன்னைக்கும் நம்ம கணக்குல உயிரோட இருந்திருக்காது. முப்பத்தெட்டுக் குழந்தைங்களை அவர்தான் காப்பாத்தினார்."

எழுந்து சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. ஓய்வூதிய உத்தரவு ஏற்கனவே சட்டைப்பையில் இருந்தது, இனி என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பயப்பட எதுவுமே மிச்சமில்லாத நாளிலும் நான் சொல்லவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இத்தனை வருடத்திலும் இவருக்கு எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.